டவர் நிற்கும் இடமும் ஆள் நிற்கும் இடமும்

1

மாசி பிறந்துவிட்டது. நான் இருக்கும் லூலியோ என்ற ஊரில், சுவீடனின் வடக்குக் கோடியில், பனி இன்னும் ஜன்னல் உயரத்துக்குக் கிடக்கிறது. காலையில் எழுந்ததும் முதல் வேலை வாசலில் பனியை வாருவது. இரண்டாவது வேலை லோயர் கேம்ப்பில் இருக்கும் ஈஸ்வரி அக்காவுக்குப் போன் போடுவது. இரண்டும் இடுப்பை ஒடிக்கிற வேலை என்று முன்பெல்லாம் விளையாட்டாகச் சொல்வேன். போன வருடத்திலிருந்து அப்படிச் சொல்வதில்லை.

போன மாசியில்தான் அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான் கருப்பையா, திராட்சைத் தோட்டத்தில் விழுந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. ஆள் பிழைத்துக்கொண்டார், பேச்சு போய்விட்டது. அந்த நாளுக்கு என்ன பெயர் வைப்பதென்று எங்களுக்குத் தெரியவில்லை. உயிரோடு இருப்பவருக்கு நினைவு நாள் கிடையாது. பிழைத்த நாள் என்று பொங்கல் வைக்க அக்காவுக்கு மனசு வரவில்லை. இந்த வருடம் அந்த நாளும், நான் போக வேண்டிய ஒரு கூட்டமும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன. அலுப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நடந்ததை ஊரில் உள்ளவர்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

2

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் கேட்டால் "செல்போன் கம்பெனி" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். உடனே ஒருவர் மடியிலிருந்து போனை எடுத்து, "அப்ப இதுல சார்ஜ் நிக்க மாட்டேங்குது, என்னன்னு பாரு" என்பார். எனக்குப் போனைப் பிரிக்கக்கூடத் தெரியாது. நான் செய்வது வேறு.

பத்து வருடம் கழித்து உங்கள் கையில் ஒரு போன் இருக்கும். அது டவரோடு எப்படிப் பேச வேண்டும், யார் முதலில் பேச வேண்டும், கூட்டம் அதிகமானால் யாருக்கு வழி விட வேண்டும் என்பதையெல்லாம் இன்றைக்கே எழுதி வைத்தாக வேண்டும். ஆறாம் தலைமுறை என்று இப்போது அதற்குப் பெயர். எல்லா நாட்டுக் கம்பெனிகளும் ஒரு ஓட்டலில் கூடி உட்கார்ந்து, வரி வரியாகச் சண்டை போட்டு, எல்லாரும் ஒப்புக்கொண்டால் அது விதி. ஓட்டெடுப்பெல்லாம் அநேகமாகக் கிடையாது. ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் நின்றுவிடும். இருநூறு சம்பந்திகளை ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சாம்பாருக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டால் எப்படி இருக்கும், அதுதான் என் பிழைப்பு.

அந்த அறைக்கென்று ஒரு பாஷை உண்டு. உங்கள் யோசனை "குறித்துக்கொள்ளப்பட்டது" என்று கூட்டத் தலைவர் சொன்னால் அது செத்துவிட்டது என்று அர்த்தம். "மேலும் ஆராயலாம்" என்றால் சாகக் கிடக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு இது புரிய வருடக்கணக்கில் ஆகும். எனக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? எங்கள் பக்கம் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள். பெண் கேட்டுப் போனாலும் சரி, தோட்டத்துக்கு வழி கேட்டுப் போனாலும் சரி, காப்பி கொடுத்து, "பாப்போம்" என்பார்கள். காப்பியைக் குடித்துவிட்டு வேறு இடம் பார்க்கப் போய்விட வேண்டும்.

இந்த வளர்ப்பு என்னை அந்த அறையில் நல்ல பிள்ளை ஆக்கியது. இத்தனை வருடத்தில் எதையும் எதிர்க்கிறேன் என்று நான் மைக்கில் சொன்னதில்லை. காப்பி இடைவேளையில் ஒருவர் தோளைத் தட்டி, இன்னொருவர் காதைக் கடித்து, சமாதானம் பண்ணி வைப்பேன். அங்கே என் பெயர் சுருளியாண்டி. அது என் அப்பாவின் பெயர். நான் சுவீடனுக்கு வந்தபோது அலுவலகத்துப் பெண் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். அப்படி ஒன்று எங்களுக்குக் கிடையாது என்றேன். கிடையாது என்று எழுத அவரிடம் கட்டம் இல்லை. கடைசியில் அப்பாவின் பெயரை எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து, கம்பத்துக்குப் பக்கத்துச் சுருளிப்பட்டியைத் தாண்டிப் பெரிதாகப் போகாத என் அப்பாவுக்கு, அவர் இறந்த பிறகு, சுவீடனில் தபால் வருகிறது. கூட்டங்களில் என்னை எல்லாரும் "சுருளி" என்று கூப்பிடுகிறார்கள்.

3

அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம் லோயர் கேம்ப்புக்குப் பக்கம். மலையிலிருந்து பெரியாற்றுத் தண்ணீர் குழாயில் இறங்கி வருகிற இடம் என்றால் தெரியும். தோட்டத்தில் நின்று நிமிர்ந்தால் குமுளிக்கு ஏறும் மலை. மலையுச்சியில் கேரளத்து டவர். நம் பக்கத்து டவர் தள்ளி, ஒரு மேட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதனால் வீட்டுக்குள் இருக்கும்வரை போன் தமிழ்நாட்டில் இருக்கும். தோட்டத்துக்குள் போனதும் கேரளத்துக்குள் நுழைந்துவிட்டீர்கள், நல்வரவு என்று மலையாளத்தில் செய்தி வரும்.

மச்சானுக்கு இது தீராத வேடிக்கை. "மாப்ள, தென்னைக்குக் கெழக்க நின்னா நான் தமிழன், மேக்க நின்னா மலையாளி. நடுவுல நின்னா என்னையப் பெத்தவளுக்கே தெரியாது" என்பார். வாய் ஓயாத மனிதர். பெரியாறு அணையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதிலிருந்து குமுளிச் சந்தையில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்பதுவரை, போனில் நான் ம் கொட்டினால் போதும். என் வேலையைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு அபிப்பிராயம்தான். "உலகத்துக்கே டவர் வைக்கிறியாம். என் தோட்டத்துல ஒழுங்கா எடுக்க மாட்டேங்குது. நீயெல்லாம் என்னத்தப் படிச்ச?"

அவர் விழுந்த அன்று அக்கா வரப்பில்தான் நின்றிருக்கிறாள். சொட்டு நீர்க் குழாயைப் பார்க்கக் குனிந்தவர் எழவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அக்கா பதறாமல் ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். போன் மலையுச்சி டவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த டவருக்கு வரும் அவசர அழைப்புகள் அந்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். எங்கேயோ தூரத்து நகரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எடுத்து, மலையாளத்தில் என்ன விஷயம் என்று கேட்டாள்.

அக்காவுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. வருடக்கணக்காகக் குமுளி வியாபாரிகளுக்குத் திராட்சை கொடுத்தவள், அவர்கள் ஊர்க்காரி என்றே நினைக்கிற அளவுக்குப் பேசுவாள். அந்தப் பெண் சிரமப்படக் கூடாது என்று அவளும் மலையாளத்திலேயே பேசினாள். குமுளி ரோட்டில் தோட்டம், வீட்டுக்காரர் விழுந்துவிட்டார், சீக்கிரம் வரணும். லோயர் கேம்ப் என்றும் சொல்லியிருக்கிறாள். மலையில் கேம்ப் என்று முடிகிற எஸ்டேட்டுகள் எத்தனையோ. அந்தப் பெண்ணுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. இத்தனை சுத்தமாக மலையாளம் பேசுகிறவள் மலைக்கு அந்தப் பக்கம்தானே இருப்பாள்? குமுளியிலிருந்து வண்டி கிளம்பி, குமுளிக்கு அந்தப் பக்கம் தேடியது.

"நான் ரோட்டுல துண்ட வீசிக்கிட்டு நிக்கிறேன் தம்பி. வண்டிக்காரவுக போன் பண்ணி எங்கன நிக்கிறீகன்னு கேக்காக. ரோட்டுலதான் நிக்கிறேங்கிறேன். நாங்களும் ரோட்டுலதான் நிக்கிறோங்கிறாக." இதை அக்கா என்னிடம் பல தடவை சொல்லிவிட்டாள். வண்டி மலையிறங்கி வளைவெல்லாம் திரும்பி வருவதற்குள் பக்கத்துத் தோட்டத்துக் குட்டி யானை வண்டியிலிருந்து திராட்சைப் பெட்டிகளை இறக்கிப் போட்டுவிட்டு மச்சானை ஏற்றிக்கொண்டு கம்பத்துக்கு ஓடியிருக்கிறார்கள். அங்கிருந்து தேனிக்கு. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பேச்சைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் உண்மையைத்தான் சொன்னார். போன் எடுத்த பெண்ணும் வண்டி ஓட்டிய ஆளும்கூடத் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள்.

ஆனால் அக்கா கேட்கவில்லை. "நான் தமிழ்ல பேசியிருந்தா அந்தப் பிள்ளைக்கு வெளங்கியிருக்கும்டா. இது இந்தப் பக்கத்து ஆளுன்னு மாத்தி விட்டுருக்கும். என் வாய்க் கொழுப்பு, அவுக வாயக் கொண்டு போயிருச்சு."

அன்றிலிருந்து அக்கா மலையாளம் பேசுவதை நிறுத்திவிட்டாள். குமுளி வியாபாரி வந்து "சேச்சி" என்று கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டுவாளாம். விலை பேச வேண்டுமானால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வர வேண்டும். மச்சானுக்குத் தன் மேல் கோபம் இருக்கிறதா என்று அவரிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. "கேட்டு, அவுக மூஞ்சியத் திருப்பிக்கிட்டா நான் எங்க போவேன்?" என்றாள்.

4

என் மகள் யாழினி இங்கேயே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் "ழ" யாருக்கும் வராததால் யாலினி. இப்போது அவளே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள். தமிழ் புரியும், பேசுவதற்குச் சங்கடப்படுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் சுவீடிஷில் பதில் சொல்வாள். சுவீடிஷில் நான் ஏதாவது சொன்னால், கையால் முகத்தை மூடிக்கொண்டு திருத்துவாள். ஒரு தடவை அவளுடைய பள்ளிக் கூட்டத்தில் "எங்கள் மகளுக்கு வேண்டியதைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்கிற நம்மூர் மனு நடையை அப்படியே சுவீடிஷில் எடுத்து விட்டேன். ஆசிரியை மிரண்டுபோய், என்ன வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அதற்குப் பிறகு பள்ளிக் கூட்டங்களுக்கு என் மனைவிதான் போகிறாள்.

அத்தையிடமும் மாமாவிடமும் பேசு என்றால் முன்பெல்லாம் யாழினி போனை வாங்கி, "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்று ஒப்பித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். மச்சான் விடாமல் பேசுவார், அவள் நெளிவாள். அவருக்குப் பேச்சு போன பிறகுதான் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. அவரிடமும் தமிழ் இல்லை, இவளிடமும் இல்லை. போனில் லூடோ விளையாடுவார்கள். மச்சானுக்கு இடது கை மட்டும்தான் வேலை செய்யும், அதுவே அவளை ஜெயிக்கப் போதுமானதாக இருக்கிறது. காய் வெட்டுப்பட்டால் அவள் சுவீடிஷில் திட்டுவாள். அவர் தோள் குலுங்கச் சிரிப்பார். பள்ளி விட்டு வந்ததும் அவள் பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்துவிடுகிறாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

இந்த ஊர்க்காரர்களிடம் ஒரு விசித்திரம் உண்டு. ஆமாம் என்பதை வாயால் சொல்ல மாட்டார்கள். உதட்டைக் குவித்து வெடுக்கென்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். அதுதான் ஆமாம். வந்த புதிதில் கடைக்காரருக்கு ஆஸ்துமா என்று நினைத்தேன். யாழினிக்கு அது பிறவிப் பழக்கம். லூடோவில் "மாமா, உங்க முறையா?" என்று சைகையில் கேட்டு, அவளே மூச்சை இழுத்துக் காட்டுவாள்.

ஒருநாள் அக்கா போனில் அலறினாள். "ஏலே, உன் மச்சான் மூச்ச இழுக்குறாரு. வெடுக்கு வெடுக்குனு இழுக்குறாரு. மறுபடி வந்துருச்சு போல, குட்டி யானைக்குச் சொல்லிட்டேன்." எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. யாழினி போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். மச்சான் நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்து, காப்பி வேண்டுமா என்று அக்கா கேட்டதற்கு ஆமாம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்த பிறகு, "அடி ஆத்தா, என் மருமகளே, உசுரு போயி வந்துச்சு" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பேச்சுப் பயிற்சிக்காரர் மாதக்கணக்கில் முயன்றும் வராத முதல் பதில் அப்படி வந்தது. இப்போது லோயர் கேம்ப்பில் ஒரே ஒரு ஆள் வடக்குச் சுவீடனின் ஆமாம் சொல்கிறார்.

5

மச்சான் விழுந்த பிறகு, அவசர அழைப்புகள் பற்றிய விதியில் நான் ஒரு யோசனை எழுதினேன். எளிமையான யோசனை. அவசர அழைப்பு, டவர் நிற்கும் இடத்தை வைத்துப் போகக் கூடாது. ஆள் நிற்கும் இடத்தை வைத்துப் போக வேண்டும். தான் எங்கே இருக்கிறோம் என்பது போனுக்குத் தெரியும். அழைக்கும்போதே அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், எந்த டவர் அதைப் பிடித்தாலும் சரியான கட்டுப்பாட்டு அறைக்குக் கைமாற்றிவிடலாம். ஆறாம் தலைமுறையில் இது கட்டாயம் என்று ஒரு பத்தி, அவ்வளவுதான்.

முதல் கூட்டத்தில் "குறித்துக்கொள்ளப்பட்டது". இரண்டாவது தடவை, இடத்தைக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும் என்றார் ஒருவர். பேட்டரி தின்னும் என்றார் இன்னொருவர். ஆளின் இருப்பிடத்தைச் சொல்வது அந்தரங்கத்தில் தலையிடுவது என்றார் மூன்றாமவர். எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். அப்புறம் எல்லாரும் சேர்ந்து ஒரு வார்த்தை சொன்னார்கள். இது எல்லையோரத்துப் பிரச்சினை, எங்கோ ஒன்று இரண்டு நடக்கும், அந்தந்த நாடு பார்த்துக்கொள்ளட்டும். என் அக்கா அந்த ஓரத்தில்தான் குடியிருக்கிறாள் என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. அந்த அறையில் சொந்தக் கதை சொல்லக் கூடாது, தொழில்நுட்பக் காரணம் மட்டும்தான் எடுபடும்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நகர்ந்தது. "மேலும் ஆராயலாம்" வரைக்கும் வந்தது. இந்த மாசிக் கூட்டத்தில் உள்ளே அல்லது வெளியே என்று முடிவாக வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் என் மேலாளர் ஆன்டர்ஸ் காப்பிக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், குரல் உயர்த்தத் தெரியாதவர். பேட்டரி மிச்சம் பிடிக்கும் முறை ஒன்றை எங்கள் கம்பெனி முன்வைத்திருக்கிறது, அது உள்ளே போனால் பெரிய விஷயம். எதிர்ப்பவர்கள் ஒரு பேரம் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பேட்டரி முறையை உள்ளே விடுகிறோம், அவசர அழைப்புப் பத்தியை நீங்கள் கைவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரே தொகுப்பாகத் தலைவர் வைப்பார், யாரும் எதிர்க்காவிட்டால் முடிந்தது.

"நீ ஒன்றும் சொல்ல வேண்டாம் சுருளி. பேசாமல் இருந்தால் போதும்" என்றார் ஆன்டர்ஸ். "உன் பத்தியை அடுத்த பதிப்பில் பார்ப்போம்."

பார்ப்போம் என்ற அந்த வார்த்தையைச் சுவீடிஷில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. காப்பியும் கொடுத்திருக்கிறார். வேறு இடம் பார்க்கப் போக எனக்கு வேறு இடம் இல்லை.

6

கூட்டம் பிராக் நகரத்தில் ஒரு ஓட்டலின் கீழ்த்தளத்தில். ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்று தெரியாமல் ஒரு வாரம் போகும். பிளக் கிடைக்காமல் ஆளாளுக்குத் தரையில் ஒயர் இழுத்துப் போட்டிருப்பார்கள். நானும் இந்த அறைகளிலேயே தலை நரைத்தவன். உலகத்தின் பெரிய நகரங்கள் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று என்று ஊரில் நினைக்கிறார்கள். நான் பார்த்ததெல்லாம் அவற்றின் ஓட்டல் கம்பளங்கள்தான்.

கடைசி நாள், மச்சான் விழுந்த நாள். மதியச் சாப்பாட்டு வேளையில் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் அன்று தோட்டத்துக்குப் போகவில்லை.

"வரப்புல கால் வைக்க முடியல தம்பி. அங்கன போனா அந்தத் துண்டுதான் கண்ணுல நிக்கிது. நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா. மச்சான் என்ன செய்றாக?"

"உம்மகளுக்காகக் காத்துக்கிட்டு இருக்காக. போனயே பாத்துக்கிட்டு. வேற என்ன சோலி."

கூட்டத்துக்கு மணியாகிவிட்டது என்று வைத்துவிட்டேன்.

தலைவர் ஒரு கொரியப் பெண்மணி. மென்மையான குரல், மலை போன்ற பொறுமை. தொகுப்பைத் திரையில் போட்டார். எங்கள் பேட்டரி முறை உள்ளே. என் பத்தி கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. "யாருக்காவது ஆட்சேபனை உண்டா?" என்றார். அந்த அறையில் சும்மா இருந்தால் சம்மதம். எல்லாரும் மடிக்கணினியைப் பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஆன்டர்ஸ்.

எனக்கு அக்காதான் ஞாபகம் வந்தாள். ஒரு வருடமாக மூடிக் கிடக்கும் வாய். அவள் மலையாளம் பேசியது தப்பு என்று அவளே தீர்ப்பு எழுதிவிட்டாள். அந்தத் தீர்ப்பு தப்பு என்று உலகத்தில் ஒருவராவது சொல்ல வேண்டாமா? சொல்லக்கூடிய இடம் ஒன்று இருக்கிறதென்றால் அது இந்த அறைதான். இதை இன்று கோடு போட்டு அடித்தால், டவர் செய்ததே சரி, கூப்பிட்டவள்தான் ஒழுங்காகச் சொல்லவில்லை என்று நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டதாகிவிடும்.

மைக் பொத்தானை அழுத்தினேன். "சுருளி, சொல்லுங்கள்" என்றார் தலைவர். அப்பாவின் பெயர் அறை முழுக்கக் கேட்டது.

"இந்தத் தொகுப்புக்கு எனக்கு ஆட்சேபனை உண்டு" என்றேன்.

எத்தனையோ தலைகள் திரும்பின. என்னைச் சமாதானம் பண்ணுகிறவனாக மட்டுமே பார்த்தவர்கள். தொழில்நுட்பக் காரணம் என்ன என்று தலைவர் கேட்டார். சொன்னேன். எல்லையில் இரண்டு பக்கத்து மொழியும் தெரிந்தவர்கள் வாழ்கிறார்கள். கட்டுப்பாட்டு அறை எந்த மொழியில் கேட்கிறதோ, அந்த மொழியில் பதில் சொல்வார்கள். அதனால் பேச்சை வைத்து இடத்தை ஊகிக்க முடியாது. ஆள் சொன்னது எல்லாம் சரியாக இருந்தும் வண்டி தப்பான பக்கம் போகும். பிழை, டவரை வைத்து அழைப்பை அனுப்பும் முறையில் இருக்கிறது, அழைப்பவரிடம் இல்லை. இதை எழுத்தில் பதிவு செய்யுங்கள் என்றேன்.

"இதற்கு நீங்கள் சம்மதிக்க வேண்டாம்" என்றார் தலைவர் மெதுவாக. "பொறுத்துக்கொண்டு போக முடியுமா என்று மட்டும் கேட்கிறேன்."

எத்தனையோ பேரை இதே கேள்வி கேட்டுக் காப்பி இடைவேளையில் நானே மடக்கியிருக்கிறேன். "முடியாது" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது.

தொகுப்பு நின்றுவிட்டது. என் பத்தியின் மேல் போட்ட கோட்டை எடுத்துவிட்டுச் சதுர அடைப்புக்குறிக்குள் வைத்தார்கள். அப்படியென்றால் முடிவாகவில்லை, அடுத்த கூட்டத்தில் மறுபடி சண்டை. எங்கள் பேட்டரி முறையும் அடைப்புக்குறிக்குள் போனது. பதிவில் நான் சொன்னதைப் போட்டார்கள். ஆன்டர்ஸ் கோபப்படவில்லை. விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது, "அடுத்த கூட்டத்துக்கு வேறு ஒருவரை அனுப்பலாம் என்று நினைக்கிறேன், நீ கொஞ்சம் ஓய்வெடு" என்றார். சரி என்றேன். வேலை இருக்குமா என்று தெரியவில்லை. மகள் படிப்பு இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது. வீர தீரமாகவெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. களைப்பாக இருந்தது.

7

லூலியோவுக்குத் திரும்பிய மறுநாள் பனியை வாரிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். வீடியோவில் அவள் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் நாற்காலியில் மச்சான். யாழினி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக் கையசைத்தாள்.

கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். எதிர்த்தேன் என்று கேட்டதும் அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது.

"ஏலே, உனக்கு எதுக்கு இந்த வம்பு? வேலைக்கு ஒண்ணும் ஆயிறாதே?"

"பாப்போம்க்கா."

அந்தப் பாப்போமுக்கு அர்த்தம் அவளுக்கும் தெரியும். உரிக்கிறதை நிறுத்தினாள். "சரி, அந்தச் சட்டம் எப்ப வரும்?"

"இன்னும் முடிவாகல. முடிவானாலும் நம்ம ஊருக்கு வர்றதுக்குப் பத்து வருசம் ஆகும்."

"பத்து வருசத்துல நாங்க எங்கன இருப்போமோ. போடா." சிரித்தாள். பிறகு, "அப்ப எதுக்குடா எதுத்த?" என்றாள்.

"பதிவுல எழுதியிருக்காக அக்கா. பெரிய பெரிய ஆளுகளெல்லாம் இருந்து எழுதுனது. அழைச்சவுக பேசுனதுல எந்தத் தப்பும் இல்ல, தப்பு டவர்லதான்னு. நீ தமிழ்ல பேசினாலும் மலையாளத்துல பேசினாலும், நீ நின்ன இடம் அதேதான்."

எழுதியது நான் சொன்ன வாசகம்தான், மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. அந்த விவரத்தை அக்காவிடம் சொல்லவில்லை.

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு, ஒரு வருடமாகச் செய்யாததைச் செய்தாள். திரும்பி மச்சானைப் பார்த்தாள்.

"கேட்டீகளா? தப்பு டவர்லதானாம். உங்களுக்கும் அப்படித்தான் தோணுதா?"

மச்சான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் அசையவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது, ஏன் இந்தப் பேச்சை எடுத்தோம் என்று. யாழினி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் மச்சான் உதட்டைக் குவித்து, வெடுக்கென்று மூச்சை உள்ளே இழுத்தார். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் இன்னொரு தடவை இழுத்தார், இன்னும் பலமாக.

"சரி, சரி, கேட்டுச்சு. ஒரு தடவ சொன்னாப் போதும்" என்றாள் அக்கா.

அந்த நேரத்தில் வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. குமுளி வியாபாரி, வாசலுக்கு வெளியே நின்று "சேச்சீ" என்றார். அக்கா வழக்கம்போலத் தலையை ஆட்டப் போனாள். மச்சானை ஒரு தடவை பார்த்தாள். வெங்காயத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"தா, வருன்னு சேட்டா" என்றாள். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். திரையில் மச்சான் மட்டும் இருந்தார். அக்கா சொன்ன விலைக்கு அந்த ஆள் முனகுவதும், அக்கா விடாமல் மலையாளத்திலேயே அவரை மடக்குவதும் இங்கே எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. மச்சான் இடது கையால் போனை எடுத்து லூடோவைத் திறந்தார்.